நோயாளியின் அருகில்: மருத்துவப் படிப்பு குறித்த கேள்வி பதில்கள்

பிளஸ் டூ முடிவுகளும் நீட் முடிவுகளும் அடுத்தடுத்து வெளியாகும் பருவம் இது. எம்.பி.பி.எஸ். படிப்பைப் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்கள் மேசையில் குவிந்திருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரிகளில் பொது மருத்துவத் துறையில் நெடுங்காலம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அவற்றுள் எட்டுக் கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பிளஸ் டூ முடித்திருக்கிறேன். உயிரியலில் எப்போதும் நல்ல மதிப்பெண் வாங்குவேன். அதனால் டாக்டருக்குத்தான் படிக்க வேண்டும் என்று வீட்டிலும் பள்ளியிலும் சொல்கிறார்கள். அதற்கு நான் ஏற்றவள்தானா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? (மாணவி, அறந்தாங்கி)

பதில்: உயிரியல் மதிப்பெண் கல்லூரி வாசல் வரை உங்களைக் கொண்டுபோய் விடும். நீட் தேர்வின் 180 கேள்விகளில் 90 கேள்விகள் உயிரியலிலிருந்து வருவதால் அது உங்களுக்குப் பெரிய பலம் என்பதில் ஐயமில்லை. ஆனால் உயிரியல் பிடித்திருப்பது வேறு, நோயாளியின் பக்கத்தில் நிற்பது பிடித்திருப்பது வேறு. பின்னதைப் பள்ளியில் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் யாரேனும் பெரியவர் மாத்திரை வாங்க அரசு மருத்துவமனைக்குப் போகும்போது துணைக்குச் சென்று, காலையிலிருந்து நண்பகல் வரை புறநோயாளிப் பிரிவின் பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். சீட்டு வாங்க நீளும் வரிசை, ஊசி போடும் அறையிலிருந்து வரும் குழந்தையின் அழுகை, சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்றும் இடத்தில் எழும் வாடை, நூறாவது நோயாளியிடமும் முதல் நோயாளியிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கும் மருத்துவர், இவை எல்லாவற்றையும் அங்கே காண்பீர்கள். வீடு திரும்பிய பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்த அந்தப் பாட்டிக்கு என்ன ஆயிற்றோ என்ற நினைப்பு உங்களை விடாமல் தொடர்ந்தால், இந்தப் படிப்பு உங்களுக்கு உரியது என்று துணிந்து சொல்வேன். எப்போது வெளியே வருவோம் என்று மட்டுமே தோன்றியிருந்தால் அதையும் மறைக்காமல் வீட்டில் சொல்லுங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. இரத்தத்தைப் பார்த்துத் தலைசுற்றியதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் அறுவை சிகிச்சையைப் பார்த்து மயங்கி விழுந்த மாணவர்கள் பிற்காலத்தில் நல்ல அறுவை மருத்துவர்களாக ஆனதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

படிப்பின் அமைப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். நான்கரை ஆண்டுப் படிப்பும் அதன்பின் ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியும் சேர்ந்து ஐந்தரை ஆண்டுகள். முதலில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். அடுத்து நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், மருந்தியல். பிறகு சட்ட மருத்துவம், சமுதாய மருத்துவம். இறுதியில் பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை மருத்துவம். 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டம் முதலாண்டிலேயே நோயாளிகளைச் சந்திக்க வைக்கிறது. நோயாளியிடம் பேசும் முறையையும் மருத்துவ அறத்தையும் பாடமாகவே வைத்திருக்கிறது. எங்கள் காலத்தில் இவற்றைப் பேராசிரியரின் பின்னால் நடந்து, அவர் பேசுவதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம். இந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன்.

கேள்வி: என் மகனுக்குப் புதிதாகத் தொடங்கப்பட்ட மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கும்போல் இருக்கிறது. கட்டடம்கூட இன்னும் புதுவாசனை மாறவில்லை என்கிறார்கள். கடன் வாங்கியாவது வசதியான தனியார் கல்லூரியில் சேர்க்கலாமா? (தந்தை, சாத்தூர்)

பதில்: கடன் வாங்க வேண்டாம். 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் விருதுநகர், இராமநாதபுரம், நாமக்கல், அரியலூர், நீலகிரி உள்ளிட்ட 11 மாவட்டங்களில் ஒரே நாளில் புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. கல்லூரிகள்தாம் புதியவை, அவற்றுக்கு வரும் நோயாளிகள் புதியவர்கள் அல்லர். மாவட்டத் தலைமை மருத்துவமனை என்ற பெயரில் பல்லாண்டுகளாக அங்கே பிரசவமும் விபத்துச் சிகிச்சையும் நடந்துகொண்டுதான் இருந்தன. 1835-இல் தோன்றிய சென்னை மருத்துவக் கல்லூரிக்கும் 1954-இல் தோன்றிய மதுரை மருத்துவக் கல்லூரிக்கும் இத்தனை பெயர் வந்ததற்குக் காரணம், பக்கத்திலுள்ள பெரிய மருத்துவமனையின் வார்டுகள் எப்போதும் நிறைந்திருந்ததுதான்.

எந்தக் கல்லூரியானாலும் மூன்று செய்திகளை விசாரியுங்கள்: உள்நோயாளிப் படுக்கைகளில் எத்தனை உண்மையில் நிரம்பியிருக்கின்றன, இரவில் அவசரப் பிரிவு எப்படி நடக்கிறது, பாடம் நடத்த ஆசிரியர்கள் நிரந்தரமாக இருக்கிறார்களா. கல்லூரி அலுவலகத்தில் கேட்பதைவிட, வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் மூன்றாம் ஆண்டு மாணவரிடம் கேட்டால் சரியான விடை கிடைக்கும். குளிரூட்டப்பட்ட வகுப்பறையும் காலியான வார்டும் உள்ள இடத்தில் மகனைச் சேர்த்தால், நீங்கள் கட்டும் லட்சக்கணக்கான ரூபாய் கட்டடத்துக்குத்தான் போகும்.

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தேன். வகுப்பில் நடத்துவது பாதி புரியவில்லை. உடற்கூறியல் உள்தேர்வில் தோற்றுவிட்டேன். ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்கள் நடுவில் வாய் திறக்கவே பயமாக இருக்கிறது. தவறான இடத்துக்கு வந்துவிட்டேனோ என்று இரவெல்லாம் தோன்றுகிறது. (முதலாண்டு மாணவர்)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்காக 2020-இல் சட்டம் இயற்றி அந்த இடம் ஒதுக்கப்பட்டது. நீட் தேர்வில் தகுதி பெற்ற பிறகே நீங்கள் அதில் அமர்ந்திருக்கிறீர்கள். யாருடைய இரக்கமும் அதில் இல்லை.

அடுத்து, மொழியைப் பற்றி. உடற்கூறியலின் சொற்கள் ஆங்கிலமே அல்ல. அவற்றில் பெரும்பகுதி கிரேக்கமும் இலத்தீனும். சென்னையில் ஆங்கிலப் பள்ளியில் படித்துவிட்டு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் அவை முதல் நாள் புரிந்திருக்காது. புரியாததைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கும் பழக்கம் அவருக்கு இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு வழி சொல்கிறேன். சொல்லை உடைத்துப் படியுங்கள். 'ஹெப்பார்' என்றால் கல்லீரல், 'நெஃப்ரோஸ்' என்றால் சிறுநீரகம், 'ஆர்த்ரோன்' என்றால் மூட்டு. 'ஐடிஸ்' என்று முடிந்தால் அழற்சி. இந்த நான்கையும் அறிந்தவுடன் ஹெப்படைடிஸ், நெஃப்ரைடிஸ், ஆர்த்ரைடிஸ் மூன்றும் தாமே பொருள் சொல்லிவிடும். இப்படி நூறு வேர்ச்சொற்களை ஒரு நோட்டில் எழுதி, எதிரே தமிழில் பொருள் எழுதி வைத்துக்கொண்டால் ஆறு மாதத்தில் வகுப்பு உங்கள் வசப்படும். நம் மொழியில் மருத்துவம் படிக்க முடியுமா என்ற ஐயமும் வேண்டாம். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர், மானிப்பாயில் தம் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலைநாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். அதற்காகத் தமிழ் படித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். அவரிடம் தமிழில் படித்தவர்கள் யாழ்ப்பாணத்து ஊர்களில் மருத்துவம் பார்த்தார்கள். இன்று நீங்கள் தேர்வை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருப்பது உண்மை. ஆனால் முதலில் தமிழில் விளங்கிக்கொண்டு பிறகு ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவதை யாரும் தடுக்கவில்லை.

தேர்வைப் பற்றி: உள்தேர்வில் தோற்றதை ஒரு பொருட்டாகக் கொள்ளாதீர்கள். முதலாண்டுத் தேர்வில் தேற நான்கு வாய்ப்புகள் உண்டு. படிப்பு முழுவதையும் முடிக்க ஒன்பது ஆண்டுகள் வரை இடமுண்டு. வருகைப் பதிவை மட்டும் விட்டுவிடாதீர்கள், எழுத்துப் பாடத்துக்கு 75 விழுக்காடும் செய்முறைக்கு 80 விழுக்காடும் வேண்டும். உடற்கூறியல் கூடத்தில், ஃபார்மலின் நெடியில் கண் எரிய, நுரையீரலின் கீழ் எல்லை எந்த விலா எலும்புக்கு நேராக இருக்கிறது என்று நீங்கள் மனப்பாடம் செய்வது இப்போது வீணாகத் தோன்றும். இரண்டு ஆண்டுகள் கழித்து, நுரையீரல் உறையில் நீர் கோத்த ஒரு நோயாளியை உட்கார வைத்து, இடது கை நடுவிரலை அவர் முதுகில் பதித்து, வலது கை நடுவிரலால் அதன்மேல் தட்டிக்கொண்டே கீழே இறங்குவீர்கள். காலிக் குடத்தைத் தட்டுவதுபோல் வந்த ஓசை ஓரிடத்தில் சட்டென்று நின்று, நிறைகுடத்தைத் தட்டியதுபோல் மட்டமாகும். எக்ஸ்ரே எடுக்கும் முன்பே நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அங்கே பேனாவால் கோடு போடுவீர்கள். அன்றைக்கு அந்த எலும்பின் எண் உங்களுக்குத் தேவைப்படும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வார்டில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவரிடம் ஒரு மாணவர் "மார்பு வலி இருக்கிறதா?" என்று கேட்டார். அவர் இல்லை என்றார். மாணவர் அப்படியே எழுதிக்கொண்டார். பின்வரிசையில் நின்ற, சிற்றூரிலிருந்து வந்த மாணவி தயங்கித் தயங்கி முன்னால் வந்து, "நெஞ்சைப் பிசையுதாம்மா? தாடை இழுக்குதா?" என்று கேட்டார். "ஆமாம் சாமி, விடியற்காலையிலேருந்து பிசையுது, வேர்த்துக் கொட்டுது" என்றார் அந்த அம்மா. இ.சி.ஜி. எடுத்தோம், மாரடைப்பு. சர்க்கரை நோயுள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு பல நேரம் வலியாகவே தெரிவதில்லை என்பது எல்லாப் பாடநூலிலும் உண்டு. அதை நோயாளியின் சொல்லில் கேட்கத் தெரிந்தவர் அந்தப் பெண் ஒருவர்தான். கிறுகிறுப்பு, உளைச்சல், நெஞ்சு கரித்தல், படபடப்பு, அசதி ஆகிய ஒவ்வொன்றும் என்னவென்று உங்களுக்குப் பிறந்தது முதல் தெரியும். வாய் திறக்கத் தயங்க வேண்டியவர் நீங்கள் இல்லை. பேராசிரியரிடம் நேரில் சென்று, புரியாததைத் தமிழிலேயே கேளுங்கள். அப்படிக் கேட்ட மாணவனை நல்ல ஆசிரியர் எவரும் திருப்பி அனுப்பியதில்லை.

இரவெல்லாம் தூக்கமின்றி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் உங்கள் கல்லூரியிலேயே உள்ள மனநல மருத்துவரைத் தயங்காமல் பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு நீட் தேர்வில் தகுதி மதிப்பெண் மட்டுமே வந்திருக்கிறது. வெளிநாட்டில் ஆறு ஆண்டுகளில் டாக்டராகிவிடலாம், செலவும் குறைவு என்று ஒரு முகவர் வீட்டுக்கே வந்து பேசினார். நம்பலாமா? (தந்தை, இராசிபுரம்)

பதில்: வெளிநாட்டில் படித்துத் திரும்பி இங்கே சிறப்பாகப் பணியாற்றும் மருத்துவர்கள் பலர் உண்டு, ஆகவே கூடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் முகவர் சொல்வதை விதியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி முடிக்க வேண்டும். பயிற்றுமொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். அந்த நாட்டுக் குடிமகனைப் போலவே அங்கே மருத்துவம் பார்க்க உரிமம் பெறத் தக்க பட்டமாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் பத்து ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். இங்கே வந்த பிறகு 300 கேள்விகள் கொண்ட தகுதித் தேர்வில் 150 மதிப்பெண்ணாவது எடுக்க வேண்டும். அதற்கும் பிறகு இந்தியாவில் 12 மாதப் பயிற்சி. முகவரின் 'ஆறு ஆண்டு' கணக்கில் இவற்றுள் எவை விடுபட்டிருக்கின்றன என்று தாளில் எழுதிப் பாருங்கள். மொழிப் பயிற்சிக்கும் முன்தயாரிப்பு வகுப்புக்கும் போகும் மாதங்களைக் கழித்துவிட்டு எண்ணுங்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. வகுப்பில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், வார்டில் படுத்திருக்கும் நோயாளி தன் மொழியில்தான் பேசுவார். அவரோடு பேச முடியாத மாணவன் கட்டிலின் கால்மாட்டில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புகிறான். தகுதித் தேர்வில் தோற்றவர்களிடம் உட்கார்ந்து பேசியபோது, பலர் ஒரு பிரசவத்தையாவது தம் கையால் பார்த்ததில்லை என்று சொன்னார்கள். ஆகவே அனுப்புவதென்று முடிவு செய்தால், அந்த நாட்டின் மொழியை முதலாண்டிலேயே ஒழுங்காகக் கற்க மகன் ஆயத்தமா என்று முதலில் கேளுங்கள். அந்தக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து இங்கே தேர்வில் தேறிய இருவரையாவது முகவரின் துணையின்றி நீங்களே தேடிப் பேசுங்கள்.

கேள்வி: மகளுக்கு மருத்துவத்தில்தான் ஆசை. ஆனால் எம்.பி.பி.எஸ்., அதன்பின் எம்.டி., அதற்குப் பின்னும் படிப்பு என்கிறார்கள். முப்பது வயது வரை படித்துக்கொண்டேயிருந்தால் கல்யாணம் எப்போது என்று மாமியார் கேட்கிறார். (தாய், ஆரணி)

பதில்: உங்கள் கணக்கில் ஒரு திருத்தம் செய்கிறேன். ஐந்தரை ஆண்டுகள் முடிந்தவுடன், ஏறத்தாழ இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில், தமிழ்நாடு மருத்துவ மன்றத்தில் பதிவு செய்துகொண்டு உங்கள் மகள் முழு மருத்துவர் ஆகிவிடுகிறார். பயிற்சி ஆண்டிலேயே உதவித்தொகை உண்டு. அதன்பின் மூன்றாண்டு எம்.டி. அல்லது எம்.எஸ். படிப்பவர்கள் இரவும் பகலும் வார்டைத் தாங்கி நிற்கும் மருத்துவர்கள். மாதந்தோறும் அவர்களுக்கும் உதவித்தொகை வருகிறது. ஆகவே அதைப் பெற்றோர் சுமக்கும் படிப்பாக எண்ண வேண்டாம். திருமணமும் குழந்தைப்பேறும் இந்த ஆண்டுகளுக்கு இடையிலேயே பலருக்கு நடக்கின்றன. எளிதென்று சொல்ல மாட்டேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு பெரியவர் இருந்தால் நடக்கும். உங்கள் மாமியார் மனம் வைத்தால் அந்தப் பெரியவர் அவராகவே இருக்கலாம்.

சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இலேயே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அங்கே 1912-இல் பட்டம் பெற்றார். திருமணம் செய்துகொண்டார், பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார், சட்டமன்றத்திலும் பணியாற்றினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை மறக்காமல், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தோன்றக் காரணமாகவும் இருந்தார். அவர் காலத்தில் கேட்ட கேள்வியை நாம் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மகளைப் படிக்க விடுங்கள்.

கேள்வி: ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். முதுநிலை நீட் தேர்வுக்குப் படிக்க நேரமே இல்லை. நண்பர்கள் பலர் டியூட்டியில் தலையைக் காட்டிவிட்டு விடுதியில் உட்கார்ந்து கேள்வி வங்கியைப் படிக்கிறார்கள். நான் மட்டும் வார்டில் நின்று பின்தங்குகிறேனா? (பயிற்சி மருத்துவர், தஞ்சாவூர்)

பதில்: நீங்கள் பின்தங்கவில்லை. நண்பர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. முதுநிலை இடங்கள் குறைவாகவும் போட்டி கடுமையாகவும் இருக்கும்போது அவர்கள் அஞ்சுவது இயல்பு. ஆனால் இந்த ஓராண்டு திரும்ப வராது. மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, தவறு செய்தால் திருத்த ஆளிருக்க, முழுப் பொறுப்போடு நோயாளியைப் பார்க்கக் கிடைக்கும் காலம் உங்கள் வாழ்நாளில் இது ஒன்றே.

இரவு இரண்டு மணிக்கு 108 வண்டியில் பாம்புக்கடி என்று ஒருவரைக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பாம்பா, கட்டுவிரியனா, கண்ணாடி விரியனா, சுருட்டை விரியனா, யாருக்கும் தெரியாது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிச் சோதனைக் குழாயில் இரண்டு மில்லி இரத்தம் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியனின் நஞ்சு இரத்தத்தைக் கெடுத்திருக்கிறது. உடனே நஞ்சுமுறி மருந்து ஏற்ற வேண்டும். இது கேள்வி வங்கியில் ஒரு வரி. ஆனால் குழாய் ஈரமாக இருந்தாலோ, பிளாஸ்டிக்காக இருந்தாலோ, பொறுமையிழந்து பத்தாம் நிமிடத்தில் அசைத்தாலோ விடை பொய்யாகும் என்பதையும், அந்த இருபது நிமிடத்தில் நோயாளியின் இமை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, மூச்சு ஆழம் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே உறவினரிடமும் பேச வேண்டும் என்பதையும் நின்று செய்தவர்தாம் அறிவார். பின்னொரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீங்கள் ஒருவரே மருத்துவராக இருக்கும்போது, அந்த இரவு உங்களுக்குக் கை கொடுக்கும்.

படிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்று பார்த்த மூன்று நோயாளிகளைப் பற்றி அன்றிரவே ஒரு மணி நேரம் படியுங்கள், மறக்காது. சமுதாய மருத்துவத்துக்கென்று ஒதுக்கியிருக்கும் பன்னிரண்டு வாரங்களைப் பலர் விடுமுறையாக நினைக்கிறார்கள். காசநோயாளி மாத்திரையை ஏன் நடுவில் நிறுத்துகிறார் என்பது அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால்தான் விளங்கும். அந்த வாரங்களைக் கடமைக்காகக் கழிக்காதீர்கள்.

இன்னொன்று, முதுநிலை உடனே கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் உதவி மருத்துவராகச் சேரலாம். அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு முதுநிலை இடங்களில் தனி ஒதுக்கீடு இருப்பது தமிழ்நாட்டின் பெரிய பேறு. மத்தியத் தேர்வாணையம் நடத்தும் ஒருங்கிணைந்த மருத்துவப் பணித் தேர்வு, இராணுவ மருத்துவப் பிரிவு ஆகியவையும் உண்டு. பொதுச் சுகாதாரத்தை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். நம் மாநிலத்தில் அதற்கென்றே நூறாண்டைக் கடந்த தனித் துறை இருக்கிறது. தடுப்பூசி, தொற்றுநோய்க் கட்டுப்பாடு, தாய் சேய் நலம் என்று ஒரு வட்டாரத்தின் மக்கள் அனைவருமே அங்கே உங்கள் நோயாளிகள். திறமையான இளைஞர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

கேள்வி: இரண்டாவது முறையும் நீட் எழுதி மருத்துவ இடம் கிடைக்கவில்லை. மூன்றாவது ஆண்டும் பயிற்சி மையத்தில் சேர்க்கலாமா, வேறு படிப்பில் சேர்க்கலாமா? மகள் யாரிடமும் பேசுவதில்லை. (தந்தை, செய்யாறு)

பதில்: இரண்டாம் முறையில் மதிப்பெண் எவ்வளவு உயர்ந்தது என்று எழுதியிருந்தால் இன்னும் தெளிவாகச் சொல்லியிருப்பேன். சென்ற ஆண்டின் கடைசி இடத்துக்கு மிக அருகில் வந்திருந்து, மகளே மீண்டும் எழுத விரும்பினால் மட்டும் இன்னொரு முறை பார்க்கலாம். இல்லையென்றால் நிறுத்துங்கள். முடிவை மகளிடம் விட்டுவிடுங்கள். ஆனால் தனியாக விட்டுவிடாதீர்கள். தோல்வியைப் பற்றி வீட்டில் சில நாட்கள் யாரும் பேசாமல், உடன் உட்கார்ந்து சாப்பிடுவதே இப்போதைக்குப் பெரிய மருந்து. அவர் தொடர்ந்து பேசாமலும் உண்ணாமலும் இருந்தால், 104 என்ற எண்ணில் மாநில அரசின் ஆலோசனைச் சேவை எந்நேரமும் உண்டு.

மருத்துவமனையில் மருத்துவர் மட்டும் வேலை செய்வதில்லை. அவசரச் சிகிச்சைப் பிரிவில் நோயாளி இரவைக் கடந்தாரா என்பது பெரும்பாலும் செவிலியர் கையில் இருக்கிறது. டயாலிசிஸ் இயந்திரத்தின் பக்கத்தில் வாரம் மூன்று முறை அதே நோயாளியோடு நான்கு மணி நேரம் இருப்பவர் அந்தத் தொழில்நுட்பர். அவருக்குத் தெரியும் அளவு அந்த நோயாளியை எனக்குத் தெரிந்ததில்லை. பி.எஸ்சி. செவிலியம் நான்கு ஆண்டுகள். இயன்முறை மருத்துவம் பயிற்சியோடு சேர்ந்த பட்டப்படிப்பு. கண் பரிசோதனை, கதிரியக்கப் படமெடுப்பு, அறுவை அரங்கும் மயக்க மருந்தும், இதயத் தொழில்நுட்பம், விபத்து அவசரச் சிகிச்சை என்று அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே பல பட்டப்படிப்புகள் இருக்கின்றன. துணை மருத்துவப் பணிகளுக்கென 2021-இல் தேசிய அளவில் தனிச் சட்டமும் ஆணையமும் வந்திருப்பதால் இவற்றின் மதிப்பு இனி உயரும். சேர்க்கை விதிகளும் மாறிவருகின்றன, ஆகவே அந்தந்த ஆண்டின் விளக்கக் கையேட்டைப் படித்த பிறகே விண்ணப்பியுங்கள். பல் மருத்துவத்துக்கும் சித்த மருத்துவத்துக்கும் நீட் மதிப்பெண்ணே போதும். சித்த மருத்துவப் பட்டம் எம்.பி.பி.எஸ். போலவே ஐந்தரை ஆண்டுகள்.

ஒரு வேண்டுகோள். இவற்றில் எதையும் மகளிடம் 'அது கிடைக்கவில்லை, அதனால் இது' என்று சொல்லிச் சேர்க்காதீர்கள். ஒரு நாள் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, இயன்முறைப் பிரிவில் பக்கவாதம் வந்த ஒருவரை இரண்டு கம்பிகளுக்கு நடுவில் மீண்டும் நடக்க வைப்பதைக் காட்டுங்கள்.

கேள்வி: எனக்கு எழுபத்தொரு வயது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். இறந்த பின் என் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க விரும்புகிறேன். மாணவர்களுக்கு உண்மையில் பயன்படுமா? என்ன செய்ய வேண்டும்? (வாசகர், திருத்துறைப்பூண்டி)

பதில்: ஐயா, தங்களுக்கு முதலில் என் வணக்கம். மிகுந்த பயனுண்டு. கணினித் திரையிலும் பிளாஸ்டிக் உருவத்திலும் எல்லா உடலும் ஒன்றுபோல் இருக்கும். உண்மையில் ஒருவரின் இரத்தக் குழாய் போகும் வழி இன்னொருவருக்கு அப்படியே இருப்பதில்லை. அந்த வேறுபாட்டை மாணவர் தம் கையால் தொட்டு அறிவது உடற்கூறியல் கூடத்தில் மட்டுமே. முதல் நாள் மாணவர்கள் அந்த உடலின் முன் நின்று, மதிப்போடு நடந்துகொள்வோம் என்று உறுதிமொழி எடுத்த பிறகே பாடம் தொடங்கும். தாங்கள் வகுப்பறையில் எத்தனையோ ஆண்டுகள் நின்றிருப்பீர்கள். இது இன்னொரு வகுப்பு.

அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைக்குச் சென்று உடல்தானப் படிவம் வாங்கி, சாட்சிகளின் கையொப்பத்தோடு கொடுத்தால் போதும். ஆனால் பிள்ளைகளின் சம்மதம் இல்லையென்றால் படிவத்தால் பயனில்லை, ஏனெனில் அந்த நேரத்தில் கல்லூரிக்குத் தகவல் சொல்லி உடலை ஒப்படைக்க வேண்டியவர்கள் அவர்கள். மருத்துவரின் இறப்புச் சான்று கையில் இருக்க வேண்டும். பிரேதப் பரிசோதனை செய்த உடலையும், சில தொற்றுநோய்கள் இருந்தவரின் உடலையும் ஏற்க மாட்டார்கள். கண்களைத் தனியே தானம் செய்யலாம்; இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் கண் வங்கிக்கு முதலில் சொல்லச் சொல்லுங்கள். படிவத்தின் நகலில் உடற்கூறியல் துறையின் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, குடும்ப அட்டை இருக்கும் இடத்திலேயே வைத்துவிட்டு, அது எங்கே இருக்கிறது என்பதை மூத்த பிள்ளையிடம் இன்றே காட்டிவிடுங்கள்.